முள் தைத்த விரலுக்கு என்ன தடவுவது?



புரட்டாசி இதழில் ரோஜாக் கவாத்து பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தோம். எந்தக் கணுவுக்கு மேலே வெட்டுவது, மொட்டு எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும், வெட்டு எவ்வளவு சாய்வாக இருக்க வேண்டும், வெட்டுவாயில் போர்டோ பசையை எப்படித் தடவுவது என்றெல்லாம் படம் போட்டு விளக்கியிருந்தோம். நிறையக் கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை பாராட்டு. ஒன்று மட்டும் என்னை உட்கார வைத்துவிட்டது.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தார். அவருடைய அப்பா இருபத்தாறு வருடமாகத் தோட்டவேலை செய்கிறவர். ஏழு வீடுகளின் தோட்டங்கள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. அதில் ஒரு வீட்டில் நம் இதழ் வருகிறது. படித்து முடித்த இதழை அந்த வீட்டு அம்மா அவரிடம் கொடுப்பாராம், மகள் இரவில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாராம். "கிளையை வெட்டிய இடத்தில் பசை தடவச் சொல்லியிருக்கிறீர்கள். வெட்டுகிறவருக்கு முள் தைத்தால் என்ன தடவுவது என்று ஒரு வரிகூட இல்லை. என் அப்பாவின் வலது கை ஆள்காட்டி விரல் ஆடி மாதத்திலிருந்து மடங்குவதில்லை" என்று முடிந்திருந்தது கடிதம்.

பழைய இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். கவாத்து, பதியன், ஒட்டு, பூச்சி, புல்தரை, மாடித்தோட்டம் என்று எத்தனையோ எழுதியிருக்கிறோம். செடிக்கு என்ன நோய் வரும், இலை ஏன் சுருளும், வேர் ஏன் அழுகும் என்றெல்லாம் விரிவாக இருக்கிறது. செடியைத் தொடுகிற கைக்கு என்ன வரும் என்று ஒரு கட்டுரையும் இல்லை. இது எங்கள் பிழை. இந்தப் பக்கத்தை அதற்காகவே எடுத்துக்கொள்கிறேன்.

கோவைக்குப் போய் அந்த அப்பாவைப் பார்த்தேன். நடந்ததைச் சாதாரணமாகத்தான் சொன்னார். முள் தைத்து உள்ளேயே முறிந்திருக்கிறது. ஊசியால் நோண்டிப் பார்த்திருக்கிறார், வரவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். நாலாம் நாள் விரல் வீங்கிச் சீழ் கட்டியது. பதினைந்து நாள் கழித்து அரசு மருத்துவமனைக்குப் போனபோது விரல் மூட்டுக்குள்ளேயே முள்துண்டு தங்கியிருந்தது. கீறி எடுத்தார்கள். முள் வந்துவிட்டது, மூட்டு திரும்பவில்லை.

"அந்த ஏழு வீட்டுல ஒருத்தருகிட்டயும் சொல்லலையா அண்ணா?" என்று கேட்டேன்.

"முள்ளு குத்தாத ரோசாத் தோட்டம் ஏதுங்கம்மா? சொன்னா, 'கை ஆறட்டும், அப்புறம் வாங்க'ம்பாங்க. நல்ல மனசோடதான் சொல்லுவாங்க. அதுக்குள்ள வேற ஆளு வந்துருவாருங்க."

இந்தப் பதிலை நான் அன்றிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன். தோட்டத் தொழிலில் நேரும் காயங்கள் ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. காயத்தைச் சொன்னால் கூலி போகும். கூலி போகக் கூடாது என்றால் காயத்தை மறைக்க வேண்டும். மறைத்தால் பதினைந்து நாள் தாமதம். அந்தத் தாமதத்தின் விலை ஒரு விரல்.

முள்ளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், மகள் கேட்ட கேள்வி அதுதான் என்பதால். தைத்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். முள் முழுதாக வெளியே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சுண்ணாம்பு, சாணம், டீத்தூள் எதுவும் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் வீக்கமோ சிவப்போ சீழோ வந்தால், அல்லது மூட்டை மடக்க முடியாமல் போனால், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மண்ணில் ரணஜன்னிக் கிருமி இருக்கிறது. அது நுழைவதற்கு முள் போட்ட சிறு துளையே போதும். பத்து வருடத்துக்கு ஒரு முறை தடுப்பூசி போட்டுக்கொண்டால் பயமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இன்னொரு நோயும் உண்டு. முள்ளிலும் காய்ந்த பாசியிலும் வைக்கோலிலும் வாழ்கிற ஒரு பூஞ்சை, கீறல் வழியாகத் தோலுக்குள் போகும். சில வாரம் கழித்து வலியில்லாத ஒரு கட்டி வரும். பிறகு அதற்கு மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று என்று கை வழியாக வரிசையாக ஏறும். ரோஜாத் தோட்டக்காரர் நோய் என்றே இதற்கு உலகமெங்கும் பெயர். இந்தியாவில் இமயமலை அடிவாரத்தில், இமாச்சலப் பிரதேசப் பக்கம்தான் அதிகம். சாதாரணப் புண் என்று நினைத்துக் கொடுக்கும் மாத்திரைக்கு இது அடங்காது. பூஞ்சைக்கான மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். அதனால் மருத்துவரிடம் போகும்போது "நான் தோட்டவேலை செய்கிறேன், முள் தைத்தது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

தோட்டம் என்றாலே நமக்கு ஓய்வு என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காருவோம், பூப் பறிப்போம், பேரனுக்கு வண்ணத்துப்பூச்சி காட்டுவோம். அதே இடம் ஒருவருக்குத் தொழிற்கூடம். லேத் பட்டறைக்குள் நுழைந்தால் கண்ணாடி போடச் சொல்லி ஒரு பலகையாவது தொங்கும். தோட்டத்தில் என்ன தொங்குகிறது? பட்டறையில் ஒரு முதலாளி இருப்பார். ஏழு வீட்டுத் தோட்டக்காரருக்கு ஏழு பேர் வேலை சொல்வார்கள், பொறுப்பேற்கிறவர் என்று ஒருவரும் இல்லை.

செடிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கருணைக்கிழங்கு நறுக்கிய கை அரிக்கும் என்று நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் கையில் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். கிழங்குக்குள் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன, அவை தோலில் குத்துவதால் வரும் அரிப்பு அது. அதே சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வரவேற்பறையில் வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய இலையோடு நிற்கிற டிஃபன்பேக்கியா. அதன் தண்டை வெட்டினால் வடியும் சாறு தோலில் பட்டால் எரிச்சல். கையைத் துடைக்காமல் கண்ணைக் கசக்கினாலோ உதட்டைத் தொட்டாலோ படும் பாட்டைச் சொல்ல முடியாது. கிழங்குக்கு எண்ணெய் தடவத் தெரிந்த நாம், இந்தச் செடியை வெட்டச் சொல்லும்போது தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

எருக்கம்பால் இன்னும் மோசம். கண்ணில் தெறித்தால் பல நேரம் முதலில் வலியே இருக்காது. அதுதான் ஆபத்து. 'ஒன்றும் ஆகவில்லை' என்று வேலையைத் தொடர்வார்கள். சில மணி நேரத்தில் பார்வை புகை மூட்டம் போல ஆகும். கருவிழியின் உள் அடுக்கு வரை பாதிக்கக்கூடிய பால் அது. கள்ளிப்பாலும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் அது உடனே எரியும். எது தெறித்தாலும் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவிவிட்டு, வலி இருக்கிறதோ இல்லையோ கண் மருத்துவரிடம் போக வேண்டும். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் வேண்டாம்.

களை பிடுங்குகிறவர்களுக்குப் பார்த்தீனியம். கேரட் இலை போல இருக்கும், வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு வந்தது என்று சொல்லப்படும் இந்தக் களை, 1950-களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்டது. இன்று இது இல்லாத காலி மனையே கிடையாது. தொடர்ந்து வெறுங்கையால் பிடுங்குகிறவர்களுக்குக் கை, கழுத்து, கண்ணிமை எல்லாம் தடித்துக் கறுத்து அரிக்கும். ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு காற்றில் வரும் துகள் பட்டாலே போதும். பூப்பதற்கு முன்னால், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டுப் பிடுங்கினால் பாதித் தொல்லை குறையும். பூங்காக்களில் களை பிடுங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஒரு சொல்லைப் பற்றி. பூச்சிக்கொல்லியை நாம் 'மருந்து' என்கிறோம். மருந்தடிக்கணும், மருந்து வாங்கிட்டு வாங்க, மருந்து கலக்குங்க. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கொடுப்பதற்கும் அதே சொல்தான். செடியின் பக்கம் நின்று பார்த்தால் அது மருந்துதான். தெளிக்கிறவரின் பக்கம் நின்று பார்த்தால் நஞ்சு. இந்த ஒரு சொல் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறது! மருந்துதானே என்று வெறுங்கையால் கலக்குகிறார்கள், குச்சி கிடைக்காவிட்டால் கையையே விட்டுக் கலக்குகிறார்கள். அடைத்துக்கொண்ட தெளிப்பு முனையை வாயால் ஊதுகிறார்கள். ஊதியதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்தும் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஒவ்வொரு பூச்சிக்கொல்லி டப்பாவிலும் சாய்ந்து நிற்கும் ஒரு சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, மண்டையோட்டுப் படமும் இருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் நடுத்தரம். பச்சை குறைந்த நஞ்சு. பச்சை என்றால் நஞ்சே இல்லை என்று பொருள் கிடையாது. படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்றுதான் நிறத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நிறத்தின் பொருளை யாராவது ஒரு முறை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டுமே. ஒரு வீட்டுத் தோட்டத்துக்குச் சிவப்பு முக்கோணமும் மஞ்சள் முக்கோணமும் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. நாலு செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்ததற்கு ஒரு மனிதரின் நரம்பைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை. வேப்பெண்ணெய்யும் காதிச் சோப்பும் தண்ணீரும் கலந்து இரண்டு மூன்று முறை அடித்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் அந்தக் கிளையை வெட்டிப் போடலாம்.

இந்த நஞ்சு மூக்கு வழியாக மட்டும்தான் உள்ளே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்று நம்புகிறார்கள். நஞ்சு தோல் வழியாகவே அதிகம் இறங்கும். முதுகில் மாட்டுகிற பதினாறு லிட்டர் தெளிப்பான் கொஞ்சம் ஒழுகினால் சட்டை நனைந்து, அந்த ஈரம் மணிக்கணக்கில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூக்கில் கட்டிய துண்டும் நனைந்தால், அது நஞ்சை முகத்தோடு சேர்த்துக் கட்டியதாகத்தான் ஆகும். மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-ஆம் ஆண்டு பருத்திக்குத் தெளித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். யாரும் அதைக் குடிக்கவில்லை, வேலை செய்தார்கள், அவ்வளவுதான். ஆளுயரம் வளர்ந்த செடிகளுக்கு நடுவே, போதிய பாதுகாப்பு உடை இல்லாமல்.

அதிகமாக வேர்க்கிறது, எச்சில் ஊறுகிறது, கண்ணில் நீர் வடிகிறது, பார்வை மங்குகிறது, சதை துடிக்கிறது, வாந்தி வருகிறது என்றால் "வெயில் தாங்கல" என்று மோர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, 108-ஐக் கூப்பிட்டு, அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான முறிவைக் கொடுக்க முடியும்.

அந்தச் சட்டையை வீட்டில் துவைப்பது யார்? அவருடைய மனைவி. பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரே வாளியில் ஊறப்போட்டு, வெறுங்கையால் கசக்குவார். தோட்டத்துக்கே வராத ஒரு பெண்ணின் கைக்கும் நம் செம்பருத்தியின் நஞ்சு போய்ச் சேர்கிறது. தெளிக்கும் உடை தனியாக இருக்க வேண்டும். அது நம் வீட்டிலேயே இருக்க வேண்டும். அவர் குளித்து மாற்றிக்கொண்டு போக நம் வீட்டில் ஒரு குழாயும் மறைப்பும் வேண்டும். மிச்ச நஞ்சைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்பும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தப் பாட்டிலை எடுத்துக் குடித்த பிள்ளைகள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள்.

இதெல்லாம் நான் புதிதாகச் சொல்வது அல்ல. 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1971-இல் அதற்கான விதிகள் வந்தன. பாதுகாப்பு உடை, சுவாசக் கவசம், முதலுதவி, பயிற்சி எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. ஐம்பது வருடம் கழித்தும் அந்த விதிகள் காம்பவுண்டுச் சுவருக்குள் நுழையவில்லை.

இயந்திரங்கள் பக்கம் வருவோம். புல் வெட்டும் பிரஷ் கட்டர் இப்போது எல்லா இடத்திலும் வந்துவிட்டது. பத்துப் பேர் வேலையை ஒருவர் முடிக்கிறார், நல்லது. சுழல்கிற அந்தத் தகடோ நரம்போ ஒரு சின்ன ஜல்லிக்கல்லைத் தட்டினால் அது கவணில் விட்ட கல் போலப் பாயும். இயக்குபவரைச் சுற்றிப் பதினைந்து மீட்டருக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று இயந்திரத்தோடு வரும் கையேட்டிலேயே இருக்கும். நம் குடியிருப்புகளில் என்ன நடக்கிறது? பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பக்கத்திலேயே இன்னொரு தொழிலாளி குனிந்து வெட்டிய புல்லை அள்ளுகிறார். இயக்குகிறவர் லுங்கியும் ரப்பர் செருப்புமாக நிற்கிறார். கண்ணுக்கு ஒன்றுமில்லை, காதுக்குப் பஞ்சுகூட இல்லை. நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நிற்பவருக்கு நாற்பது வயதில் காது மந்தமாகும். அதை அவர் வயசாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார். பாதுகாப்புக் கண்ணாடி, காதுக் கவசம், முழங்கால் வரை வரும் பூட்ஸ் மூன்றும் சேர்ந்தால்கூட அந்த இயந்திரத்தின் விலையில் சிறு பங்குதான்.

நெடுஞ்சாலை நடுவில் அரளி வளர்த்திருக்கிறார்களே, அதை வெட்டி ஒழுங்கு செய்கிறவர்களை ஒரு நாள் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் வண்டிகள் பறக்கின்றன, கையில் அரளிப்பால் வடிகிறது. வெட்டிய கிளையை ஓரத்தில் போட்டுக் கொளுத்தினால் அந்தப் புகையும் கெடுதல். காரில் போகும் நமக்கு அது சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்த அழகு.

முதுகைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு, தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லெட்டூஸ் கீரை, சர்க்கரை பீட் வயல்களில் வேலை செய்தவர்களுக்குக் குட்டைப் பிடி போட்ட கொத்துதான் கொடுப்பார்கள். நாள் முழுக்க இடுப்பை ஒடித்துக் குனிந்தே கொத்த வேண்டும். நீளமான பிடி போட்டால் வேலை சுத்தமாக இருக்காது என்பது முதலாளிகளின் வாதம். தூரத்திலிருந்து பார்த்தாலே யார் நிமிர்ந்து ஓய்வெடுக்கிறார் என்று தெரிந்துவிடும் என்பதும் ஒரு காரணமாக இருந்தது. பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் இளமையில் அந்தக் கொத்தோடு வேலை செய்தவர். வாழ்நாள் முழுதும் முதுகுவலியோடு இருந்தார். தொழிலாளர்கள் வழக்காடி, 1975-இல் அந்தக் கொத்துக்குத் தடை வாங்கினார்கள். அதனால் பயிர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நம் களைக்கொத்தியின் பிடி எவ்வளவு நீளம்? தமிழ்நாட்டில் கடைகளில் நின்றே வேலை பார்த்தவர்கள் உட்காருவதற்கு 2021-இல் சட்டம் வந்தது. தோட்டத்தில் குத்தவைத்தே நகர்ந்து களை எடுக்கிற பெண்களின் முழங்காலுக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. நீளப் பிடி போட்ட கொத்து, அரை அடி உயர மணை, முழங்காலுக்கு ஒரு கெட்டியான ரப்பர் மெத்தை போதும். இதற்குச் சட்டம் வர வேண்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை.

அந்தப் பெண்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. பூங்காவில் வேலை செய்கிற ஒரு அக்காவிடம், இவ்வளவு வெயிலில் தண்ணீர் பாட்டில் அப்படியே இருக்கிறதே என்று கேட்டேன். "குடிச்சா எங்க போறது கண்ணு?" என்றார். வேலை செய்யும் இடத்தில் அவர்கள் பயன்படுத்தக் கழிப்பறை இல்லை. அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் கழிப்பறைக் கதவு பூட்டியிருந்தால், எவ்வளவு தண்ணீர்ப் பந்தல் வைத்தாலும் அந்த அக்கா குடிக்க மாட்டார். பெரிய குடியிருப்புகளின் நிர்வாகக் குழுவில் இருக்கும் வாசகர்களை நேராகவே கேட்கிறேன். உங்கள் தோட்டத் தொழிலாளர்கள் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்கள்? பதில் உடனே வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் அதுதான் முதல் பொருளாக இருக்க வேண்டும்.

இது மழைக்காலம். ஈரச் சுவர், தண்ணீர் தேங்கிய புல்தரை, பழைய ஒயர் சுற்றிய மோட்டார். தோட்டத்து மின் இணைப்புக்கு, கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் முப்பது மில்லி ஆம்பியர் கருவி போட்டிருக்கிறதா என்று மின்பணியாளரை வைத்துப் பாருங்கள். அலுமினியத் தோட்டியால் தேங்காய் பறிக்கும்போதும் கிளை வெட்டும்போதும் மேலே மின்கம்பி போகிறதா என்று பார்க்க வேண்டியது கீழே நிற்கிற நம் வேலை. மேலே பார்த்துக் கொக்கி மாட்டுகிறவருக்குக் காய் மட்டும்தான் தெரியும்.

எலி ஓடிய ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவருக்குப் பித்தவெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி ஏறும். மழைக்காலத்தில் தோட்டக்காரருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பிறகு பாம்பு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலும்தான் நம் நாட்டில் அதிகம் உயிர் வாங்குபவை. இலைக் குவியலிலும் செங்கல் அடுக்கிலும் கை விடுவதற்கு முன் நீளக் குச்சியால் கிளற வேண்டும். பூட்ஸ் போட்டிருந்தால் காலில் படும் கடி பெரும்பாலும் பூட்ஸோடு போய்விடும். கடித்துவிட்டால் கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, அவரை நடக்க விடாமல், முறிமருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். அந்த முறிமருந்துக்கான நஞ்சை எடுத்துத் தருகிறவர்களில் முதன்மையானவர்கள் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கும், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. எங்கே, யாருக்குக் கடி விழுகிறது என்று இனி கணக்கு இருக்கும். முள் தைத்த விரல்களுக்கும் அப்படி ஒரு கணக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கையுறை வாங்கிக் கொடுத்தாலும் போடுவதில்லை என்று பலர் சொல்கிறீர்கள். ஏன் போடுவதில்லை என்று அந்தக் கோவை அண்ணாவிடம் கேட்டேன். "பெருசா இருக்குதுங்க. வேர்த்து வழுக்குது. கத்திரி பிடியே தெரியறதில்லீங்க" என்றார். நாம் கடையில் கைக்கு வந்ததை வாங்கி வருகிறோம். அவரையே கடைக்கு அழைத்துப் போய், அவர் கையில் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். முள் வேலைக்கு முழங்கை வரை வரும் தோல் கையுறை, தெளிப்பு வேலைக்கு நைட்ரைல் ரப்பர் கையுறை, மண் வேலைக்குப் பிடிமானமுள்ள மெல்லிய கையுறை. ஒன்றையே எல்லாவற்றுக்கும் போடச் சொன்னால் யாராலும் முடியாது. பெண்களுக்குப் பெண்களின் அளவில் பூட்ஸ் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இவற்றையெல்லாம் வாங்கி வைத்தாலும், காயத்தைச் சொன்னால் கூலி போகும் என்ற பயம் இருக்கும் வரை ஒன்றும் மாறாது. ஆகவே இதுதான் என் முக்கியமான வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் வேலை செய்பவரிடம் இந்த வாரம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "இங்க அடிபட்டா சொல்லுங்க. வைத்தியச் செலவு எங்களோடது. ஓய்வெடுக்கிற நாளுக்கும் கூலி உண்டு. உங்க இடம் உங்களுக்குத்தான்." ஏழு வீட்டுக்காரர்களும் இதைச் சொல்லியிருந்தால் அவர் நாலாம் நாளே மருத்துவமனைக்குப் போயிருப்பார்.

ஒப்பந்த நிறுவனம் மூலம் ஆள் வைத்திருக்கும் குடியிருப்புகள், அவர்களுக்கு இ.எஸ்.ஐ. பிடித்துக் கட்டப்படுகிறதா என்று சீட்டு கேட்டுப் பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம், முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம். தனி வீடுகளில் வேலை செய்கிறவர்களை அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய உதவுங்கள். தொழிலாளர் உதவி ஆணையர், சமூகப் பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் ஒவ்வொரு மாவட்டத்திலும் அலுவலகம் இருக்கிறது. இணையத்திலும் பதியலாம். ஆதாரும் குடும்ப அட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகமும் எடுத்துக்கொண்டு அரை நாள் அவரோடு போய்வந்தால் வேலை முடிந்துவிடும்.

எங்கள் பங்குக்கு, இந்த இதழிலிருந்து செய்முறைக் கட்டுரை ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் 'கைக்கும் கண்ணுக்கும்' என்று ஒரு பெட்டி வரும். அந்த வேலையைச் செய்கிறவர் என்ன போட்டுக்கொள்ள வேண்டும், எதைத் தொடக் கூடாது, அடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கும். அது இல்லாமல் ஒரு கட்டுரையும் அச்சுக்குப் போகாது.

முதல் பெட்டியைச் சொல்லச் சொல்லி அந்த அண்ணாவையே கேட்டோம். ரோஜாக் கவாத்துக்கு முன் செய்ய வேண்டியவை என்று அவர் சொல்ல, மகள் எழுதி அனுப்பியிருக்கிறார். 34-ஆம் பக்கத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, உங்கள் தோட்டத்தில் வேலை செய்பவருக்கும் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்